ஆகாய கங்கைக்குப் போவோம் வாங்க

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பயணம் பற்றிக் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்குக் குழு ஊக்குநர்கள் இதைப் படித்துக் காட்டவும்.)



போன கூட்டத்தில் இந்த வருடக் களப்பயணம் எங்கே போகலாம் என்று கேட்டோம். பாதிப் பேர் கொல்லிமலை ஆகாய கங்கை என்று கை தூக்கினீர்கள். மீதிப் பேர் சும்மா இருந்தீர்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் உண்மையான பேச்சு வெளியே வந்தது. "அருவியில குளிக்கிறதுக்கு எதுக்குங்க கூட்டமைப்பு? காளான் வளர்ப்பு, ஊறுகாய்க் கம்பெனின்னு போனாலாவது நாலு விஷயம் தெரிஞ்சுக்கலாம்" என்று ஒரு அக்கா சொன்னாங்க. இன்னொருத்தங்க, "எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்தா, லோன் வாங்கப் போறியா, ஊர் சுத்தப் போறியான்னு கேட்பாரு" என்றாங்க. இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் இன்றைக்கு வேறு எதுவும் எடுக்காமல் இதையே பேசிவிடலாம் என்று வந்திருக்கிறோம்.

நாம் இதுவரை போன களப்பயணங்களை எண்ணிப் பாருங்கள். மண்புழு உரக்கூடம், பால் பண்ணை, வங்கி, பக்கத்து மாவட்டத்துக் கூட்டமைப்பு. எல்லாம் நல்ல பயணம்தான். ஆனால் எல்லாமே வேலை. நோட்டும் பேனாவுமாகப் போய், எழுதிக்கொண்டு, வந்து குழுவில் சொல்லி, சரியாகச் சொன்னோமா என்று பயந்துகொண்டு உட்கார்ந்தோம். நமக்காக, நம் கண்ணுக்கும் காலுக்குமாக ஒரு நாள் போனது உண்டா?

நம்ம சேந்தமங்கலம் பக்கம் எந்தக் காட்டில் நின்று நிமிர்ந்தாலும் கொல்லிமலை தெரிகிறது. மழை வருமா என்று பார்க்க அந்த மலை முகட்டைத்தான் பார்க்கிறோம். களை வெட்டும்போது இடுப்பு வலித்தால் நிமிர்ந்து அந்த மலையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பக் குனிகிறோம். சற்று முன்னால், "அருவி வரைக்கும் இறங்கியவங்க எத்தனை பேர்?" என்று கேட்டபோது எழுந்த கைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மலைக்குப் போனவர்கள் நிறைய இருக்கிறீர்கள். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்கள், எட்டுக்கை அம்மனுக்கு வேண்டுதல் செலுத்தியிருக்கிறீர்கள். ஆனால் அருவிக்கு ஆம்பளைங்க இறங்கிப் போனார்கள். நீங்கள் மேலே படிக்கட்டு ஓரத்தில் பைகளையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஈரத் துண்டோடு அவர்கள் ஏறி வந்து "தண்ணி சூப்பர்" என்றார்கள். நீங்கள் கட்டுச்சோற்றை எடுத்து வைத்தீர்கள். நடந்தது இதுதானே? சிரிக்கிறீங்க பாருங்க.

இந்த முறை பையைப் பார்த்துக்கொள்ள யாரும் மேலே உட்கார வேண்டாம். பை வண்டியிலேயே இருக்கட்டும்.

சரி, பணத்துக்கு வருவோம். இதில் நாம் கறாராக இருக்க வேண்டும். சேமிப்புப் பணத்தில் கை வைக்கக் கூடாது. சுழல் நிதியில் கை வைக்கவே கூடாது. அது கடன் கொடுத்து வாங்குவதற்கான பணம். வண்டி வாடகைக்காக உள்கடன் வாங்குகிறேன் என்று எந்த உறுப்பினரும் சொல்ல வேண்டாம், ஊக்குநரும் எழுத வேண்டாம். வாராவாரம் சந்தா கட்டும்போது கூடவே பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று தனியாகப் பயணச் சேமிப்பு எழுதுவோம். அதற்குத் தனிப் பக்கம் போட்டு, தீர்மான நோட்டில் தேதியோடு பதிவு செய்து, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வராதவர்களின் பணம் அப்படியே திரும்பிப் போய்விட வேண்டும். இப்படிச் செய்தால் நாளைக்கு எந்த வீட்டுக்காரரும், எந்த அதிகாரியும் "சங்கத்துப் பணத்தில் சுற்றுலா போனார்கள்" என்று ஒரு வார்த்தை பேச முடியாது. நம் மாநிலத்தில் 1989ல் தருமபுரியில் குழுக்கள் ஆரம்பித்த காலத்திலிருந்தே பெண்கள் கையில் பணம் வந்தால் வீணாக்குவார்கள் என்று சொல்ல ஆள் இருந்தார்கள். கணக்கு நோட்டைக் காட்டித்தான் அவர்கள் வாயை மூடினோம். இதற்கும் அதுதான் வழி.

வீட்டில் எப்படிச் சொல்வது? கல்யாணமாகி இருபது வருடம் ஆன பிறகும் "போகட்டுங்களா?" என்று கேட்கிறோம். "இன்ன தேதி நாங்க குழுவில் மலைக்குப் போறோம், சாயந்திரம் இருட்டுறதுக்குள்ள வந்துடுவோம், சோறு ஆக்கி வெச்சிருக்கேன், மாட்டுக்கு மட்டும் தண்ணி காட்டிடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். இதில் சண்டை இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் முடிவு உங்களுடையது என்பது அதில் இருக்கிறது. மாமியார் படுக்கையில் இருக்கிற வீடு, சின்னக் குழந்தை இருக்கிற வீடு என்றால் குழுவிலேயே வராத ஒருவர் அன்றைக்கு அங்கே பார்த்துக்கொள்ளலாம். போன வருடம் ஒரு குழுவில் இப்படித்தான் செய்தார்கள். அடுத்த பயணத்துக்கு அந்த அம்மா போனபோது இவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னொரு விஷயம் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறோம். வீட்டுக்காரரை இழந்த உறுப்பினர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பெயர் கேட்டால் "எனக்கெதுக்கும்மா அதெல்லாம்" என்று ஒதுங்கிவிடுகிறீர்கள். ஒரு அம்மா தனியாகக் கூப்பிட்டு, "குளிக்கணும்னு ஆசைதான், சனங்க ஏதாச்சும் பேசுவாங்க" என்று சொன்னாங்க. அம்மா, அருவிக்கு யார் பூ வைத்திருக்கிறார்கள், யார் வைக்கவில்லை என்று தெரியாது. நமக்கும் தெரிய வேண்டாம். இந்த முறை ஒவ்வொரு குழுவும் பட்டியல் எழுதும்போது முதலில் அவர்கள் பெயரை எழுதிவிட்டு மற்றவர்கள் பெயரை எழுதுங்கள். இது எங்கள் வேண்டுகோள். தீர்மானமாகப் போட்டாலும் சந்தோஷம்தான்.

இனி மலைக்கு ஏறுவோம். காரவள்ளியிலிருந்து மேலே போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்டிருக்கும். பாதிப் பேருக்கு இருபதாவது வளைவிலேயே தலை சுற்றும், வாந்தி வரும். இது நோய் இல்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. வெறும் வயிற்றோடும் வராதீர்கள், நெய்ப் பொங்கலும் வடையும் சாப்பிட்டும் வராதீர்கள். இரண்டு இட்லி போதும். பக்கவாட்டு ஜன்னலைப் பார்க்காமல் முன்னால் ரோட்டைப் பார்த்து உட்காருங்கள். எலுமிச்சம்பழம், இஞ்சி மரப்பான் எது பழக்கமோ அது கையில் இருக்கட்டும். அதிகம் தலை சுற்றுபவர்கள் முன் சீட்டில் உட்காரட்டும். தலைவி, செயலாளர் என்று பதவிக்காக முன் சீட்டுப் பிடிக்க வேண்டாம்!

மேலே சமவெளி மாதிரி விரிந்து கிடக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் முதல் 1,300 மீட்டர் உயரம். செம்மேடு, சோளக்காடு தாண்டி வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர் கோயில். அங்கே ஊர்களுக்கு நாடு என்றுதான் பெயர்: வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஆடி மாதத்தில் அரசே ஓரிக்கு விழா எடுக்கிறது. அந்தக் கூட்டத்தில் நாம் போக வேண்டாம். தை அறுவடை முடிந்த பிறகு போகலாம் என்பது எங்கள் யோசனை. மழை ஓய்ந்திருக்கும், ஆனால் தண்ணீர் வற்றியிருக்காது. கோடையில் போனால் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

கோயில் பக்கத்தில் ஓடுவது ஐயாறு. மலை மேலே இருக்கிற காடுதான் மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுகிறது. ஓடைகள் கூடி ஐயாறாகி, கோயிலைத் தாண்டியதும் சுமார் 300 அடி கீழே விழுகிறது. அதுதான் ஆகாய கங்கை. விழுந்த தண்ணீர் காட்டுக்குள் இறங்கித் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்குப் போய்ச் சேர்கிறது. புளியஞ்சோலையில் குளித்தவர்கள் இங்கே இருக்கலாம். நீங்கள் குளித்தது இதே தண்ணீரில்தான். காட்டை வெட்டினால் அருவி முதலில் மழைக்காலத்தில் பொங்கும், பிறகு வெயில் காலத்தில் செத்துப்போகும். இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட அங்கே போய் நின்று பார்த்தால் புரியும்.

அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சில இடத்தில் செங்குத்தாக இருக்கும். இறங்கும்போது சிரிப்பும் பாட்டுமாகத்தான் இறங்குவோம். இறங்குவதில் நோவது முழங்கால். திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். இதை வைத்துத்தான் நாங்கள் ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும்.

கொஞ்சம் ஏறினாலே மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது என்றால் "வயசாயிடுச்சு" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். முப்பத்தைந்து வயதில் என்ன வயசு? 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் அதில் ஒருவர். இந்தக் கூடத்தையே பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அளவும், ரத்த அழுத்தமும், சர்க்கரையும் பார்த்துவிட்டு வாருங்கள். ரத்தம் குறைவு என்றால் இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள். மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு பிசைகிறது என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், அதோடு டீ குடிக்காதீர்கள். டீ அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். பயணம் இரண்டு மாதம் கழித்துத்தான். அதற்குள் உடம்பில் தெம்பு வந்துவிடும். களப்பயணத்தால் என்ன லாபம் என்று கேட்ட அக்காவுக்கு, எங்கள் கணக்கில் முதல் லாபம் இதுதான்.

இருதயக் கோளாறு உள்ளவர்கள், மூச்சிரைப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் படி இறங்க வேண்டாம். அவர்களை விட்டுவிட்டுப் போகிறோம் என்று அர்த்தமில்லை. மேலே கோயிலும் ஆறும் இருக்கின்றன. அங்கே ஆற்றில் மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டு உட்காரலாம். அந்த மீன்களை யாரும் பிடிப்பதில்லை, சாமி மீன் என்கிறார்கள். முழங்கால் வலி மட்டும் உள்ளவர்கள் ஒரு கம்பு ஊன்றிக்கொண்டு பாதி வரைக்கும் வந்து பார்க்கலாம். பாதியில் திரும்பினால் அவமானம் இல்லை.

ஏறும்போது ஓட்டப் பந்தயம் வேண்டாம். ஐம்பது படிக்கு ஒரு தடவை நில்லுங்கள். மெதுவாக ஏறுபவர் முன்னால் போகட்டும், வேகமாக ஏறுபவர் பின்னால் வரட்டும். சின்ன வயசுப் பிள்ளைகளுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இப்படிப் போனால்தான் யாரும் தனியாகப் பின்தங்க மாட்டார்கள். குழுக் கடனில் எப்படி ஒருவர் தவணை எல்லோருக்கும் பொறுப்போ, படியிலும் அப்படித்தான்.

தண்ணீர் குடிப்பது பற்றி. வெளியே போனால் ஒன்றுக்குப் போக இடம் இருக்காதே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறோம். பஸ் பயணத்திலும், நூறு நாள் வேலையிலும் இதே பழக்கம். நீர்க்கடுப்புக்கும் கல்லுக்கும் காரணம் இதுதான் என்று நர்ஸம்மா எத்தனை தடவை சொல்லியிருக்காங்க. படி ஏறும்போது வியர்த்துக் கொட்டும். தண்ணீர் குடிக்காமல் ஏறினால் மயக்கம் நிச்சயம். வண்டி கிளம்பும் முன் ஒரு இடம், மலை மேல் ஏறியதும் ஒரு இடம் என்று கழிப்பறை வசதியை நாங்கள் முன்னாலேயே போய்ப் பார்த்து ஏற்பாடு செய்கிறோம். கீழே அருவியில் இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். மாதவிலக்கு நாளாக இருந்தால் வருவதும் வராததும் உங்கள் விருப்பம். கோயிலுக்குள் போகாமல் படி இறங்குவதில் என்ன தடை? துணியோ பேடோ கூடுதலாகவும், சுற்றி எடுத்து வரக் காகிதமும் வைத்துக்கொள்ளுங்கள். புதரில் மட்டும் வீச வேண்டாம்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். தண்ணீரைப் பற்றிச் சொல்கிறோம்.

அருவி பார்க்க அழகு, ஆனால் ஆளைக் கொல்லும். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வெள்ளம் வந்து, 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். நாம் நிற்கிற இடத்தில் மழை பெய்துதான் வெள்ளம் வர வேண்டும் என்பதில்லை. மலை மேலே எங்கோ பெய்தால் போதும், கீழே நமக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். வருவதற்கு முன் அது சில சமயம் சொல்லிவிட்டு வரும். தெளிந்த தண்ணீர் கலங்கும், செம்மண் நிறமாகும். இலை, சுள்ளி, நுரை மிதந்து வரும். சத்தம் மாறும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று நிற்கக் கூடாது. செருப்பு, சோப்பு, துண்டு எதையும் எடுக்கத் திரும்பக் கூடாது. மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஒருவர் விசில் ஊதினால் எல்லோரும் வெளியே. விசில் நாங்கள் கொண்டு வருகிறோம். ஏன் எதற்கு என்று அப்புறம் விசாரிக்கலாம்.

தண்ணீர் அதிகமாக இருந்தால் வனத்துறையே இறங்க விடாது. அப்படிச் சொன்னால் "இவ்வளவு தூரம் வந்துட்டோமே சார்" என்று கெஞ்சவும் வேண்டாம், வேறு ஒற்றையடிப் பாதையில் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் பின்னால் போகவும் வேண்டாம். பேசாமல் மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம். அருவி எங்கேயும் போய்விடாது.

அருவி விழுகிற இடத்துக்கு நேர் கீழே போய் நிற்காதீர்கள். முன்னூறு அடி உயரத்திலிருந்து தண்ணீர் மட்டும் விழுவதில்லை, சில சமயம் கல்லும் விழும். தேங்கி நிற்கிற தண்ணீரில் எங்கே பள்ளம் என்று மேலிருந்து தெரியாது. நம்மில் கிணற்றில் நீந்திப் பழகியவர்கள் இருக்கிறீர்கள். கிணறு வேறு, அருவிக்கசம் வேறு. விழுகிற தண்ணீர் ஆளைக் கீழே அமுக்கும். அதனால் நீச்சல் தெரிந்தாலும் முழங்காலுக்கு மேல் போக வேண்டாம். பாறையில் பச்சையாகவோ கறுப்பாகவோ பளபளவென்று தெரிந்தால் அது பாசி. காலை வைத்தால் வழுக்கும். ஓரத்தில் சாரல் அடிக்கும். அதிலேயே தலை முதல் கால் வரை நனைந்துவிடலாம்.

யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் போன கதை நமக்குத் தெரியும். பெண்கள் நம் கையில் எப்போதும் ஒரு கயிறு இருக்கிறது. சேலையை முறுக்கி வீசுங்கள், கரையில் நான்கு பேர் பிடித்துக்கொள்ளுங்கள். கூட வந்தவர்கள் சத்தம் போட்டு அங்கே இருக்கும் ஊழியரைக் கூப்பிடுங்கள். கீழே செல்போனுக்கு டவர் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அதனால் ஒருவர் மேலே ஏறி 108க்குச் சொல்ல வேண்டும். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. யார் ஏறிப் போவது என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுவோம்.

தீ பற்றியும் ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதில் பெண்கள் பலர். மாசி, பங்குனியில் மலையில் புல் காய்ந்து எரியக் காத்திருக்கும். நாம் போவது படிக்கட்டுப் பாதைதான், காட்டுக்குள் இல்லை. ஆனாலும் மலையில் அடுப்புக் கூட்டிச் சமைக்கும் பேச்சே வேண்டாம். வண்டி டிரைவர் பீடி, சிகரெட்டை அணைக்காமல் போட்டால் தைரியமாகச் சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் அங்கே உள்ள பெண்களைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். மலையில் இருப்பவர்கள் மலையாளி என்கிற பழங்குடி மக்கள். கேரளாக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்று பொருள், பேசுவது தமிழ்தான். அவர்கள் சாமை, தினை, கேழ்வரகு என்று விதைத்துச் சாப்பிட்டவர்கள். பிறகு சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் குச்சிக்கிழங்கு கேட்டு வியாபாரிகள் வரவே, நிலமெல்லாம் கிழங்காக மாறியது. கையில் காசு வந்தது, குதிரில் தானியம் போனது. சாமையை விட்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது பெண்களுக்குத்தான் தெரியும். சாமையை உரலில் இடித்து உமி நீக்கி அரிசி ஆக்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ரேஷன் அரிசி வந்த பிறகு யார் இடிப்பார்கள்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே வேலை செய்தது. சுயஉதவிக் குழுக்களிடம் உமி நீக்கும் இயந்திரம், மாவு அரைக்கும் இயந்திரம் வந்த பிறகு, மறுபடி சாமை விதைக்க ஆள் வந்தார்கள். நம்மைப் போன்ற குழுப் பெண்களே அரிசியாகவும் மாவாகவும் பொட்டலம் போட்டு விற்றார்கள். 2023ஐ உலகமே சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியதே, அதற்கு எத்தனையோ வருடம் முன்னால் நடந்த வேலை இது.

ஆகவே சோளக்காடு சந்தையில் இறங்கும்போது, மிளகு, மலைவாழை, பலா, அன்னாசி, தேன், சாமை எது வாங்கினாலும் அடித்துப் பேரம் பேசாதீர்கள். நம் தக்காளியைக் கமிஷன் மண்டியில் அடிமாட்டு விலைக்குக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கிறது? கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். "எப்படிங்க்கா இடிக்காம அரிசி ஆக்கறீங்க, தவணை ஒழுங்கா வருதா, பஸ் வசதி எப்படி" என்று பேசுங்கள். நாங்கள் அங்கே ஒரு குழுவோடு மதியச் சாப்பாட்டுக்குப் பேசி வருகிறோம். சாமைச் சோறு, கீரை, சாம்பார். இலைக்கு எவ்வளவு என்று அவர்களே சொல்வார்கள், அதை முழுசாகக் கொடுத்துவிடுவோம். அந்த வருமானம் அவர்கள் குழுவுக்கு. காளான் பண்ணைக்குத்தான் போக வேண்டும் என்ற அக்கா இதையும் நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை. ஆனாலும் அருவிப் பாதையில் ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் கவர், பழைய துணி கிடக்கும். ஷாம்பு, சோப்பு, சிகைக்காய் எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீரில் குளித்தால் போதும். கீழே புளியஞ்சோலையில் அதே தண்ணீரைக் குடிக்கிற மாடுகளும் ஆட்களும் இருக்கிறார்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் காட்டாதீர்கள், பையோடு பிடுங்கிப் போய்விடும்.

உடுப்பு பற்றிக் கேட்டீர்கள். சுடிதார் இருப்பவர்கள் தயங்காமல் போட்டு வாருங்கள், மருமகளுடையதை வாங்கிப் போட்டாலும் சரி. சேலைதான் என்றால் பழைய பருத்திச் சேலை, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். நைலக்ஸ் நனைந்தால் உடம்போடு ஒட்டும், காலில் சுற்றும். செருப்பு பின்னால் பட்டை வைத்ததாக இருக்கட்டும். தாலிக்கொடியை உள்ளே விட்டு ஊக்குப் போட்டுக்கொள்ளுங்கள், மற்ற நகைகள் வீட்டில் இருக்கட்டும். தோட்டையும் கழற்றி வைத்துவிட்டால் நல்லது.

ஊக்குநர்கள் இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் பட்டியலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் வயது, சாப்பிடுகிற மாத்திரை, வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். வண்டி காலை ஐந்தரைக்குக் கிளம்பும். டிரைவரிடம் பேசிவிட்டோம், எட்டு மணி வரை காத்திருக்க மாட்டார். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மாற்றுத் துணி, துண்டு, மாத்திரை, ஒரு பிடி வறுகடலையும் வெல்லமும். கம்பு வேண்டியவர்கள் வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள், அங்கே மரத்தை ஒடிக்கக் கூடாது. இறங்க அனுமதிக்கும் நேரத்துக்கு முன்பே படிக்கட்டில் கால் வைத்துவிட வேண்டும் என்பதால் கோயிலுக்கு முதலில் போகப் போவதில்லை. அருவி முடித்து, ஏறி வந்து, ஈரம் மாற்றிக்கொண்டுதான் சாமி கும்பிடுகிறோம். இதில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், படிக்கட்டில் வைத்து வேண்டாம்.